‘தி கிரவுன்’ தொடர்: பொத்தான் வரை அசல், காரணத்தில் கற்பனை

நெட்ஃபிளிக்ஸில் 2016 நவம்பரில் தொடங்கி 2023 டிசம்பரில் நிறைவுற்ற ‘தி கிரவுன்’ தொடரின் 6 சீசன்களும் இப்போது ஒரே மூச்சில் பார்க்கக் கிடைக்கின்றன. மொத்தம் 60 எபிசோடுகள். பிரிட்டனின் இரண்டாம் எலிசபெத் அரசியின் 1947ஆம் ஆண்டுத் திருமணத்தில் தொடங்கும் கதை, 2005இல் அவருடைய மகன் சார்லஸ் கமிலாவை மணந்துகொள்வதில் வந்து முடிகிறது. எபிசோடு ஒன்று ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடுவதால், முழுவதையும் பார்க்க நினைப்பவர் பல வார மாலைப் பொழுதுகளை இதற்கென்று ஒதுக்க வேண்டியிருக்கும். அவ்வளவு நேரத்தைக் கொடுக்கிறவர், தாம் பார்ப்பதில் வரலாறு எவ்வளவு, கதை எவ்வளவு என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதற்கான பதில் எந்த எபிசோடின் தொடக்கத்திலும் இல்லை என்பதே இந்தத் தொடரைப் பற்றி எனக்குள்ள முதன்மையான குறை.

கற்பனை கலந்திருப்பதே குற்றம் என்று சொல்ல வரவில்லை. அரசியும் பிரதமரும் வாரந்தோறும் தனியறையில் சந்தித்துப் பேசுவது அந்நாட்டு மரபு. அந்தப் பேச்சுக்கு யாரும் குறிப்பெடுப்பதில்லை, உடன் மூன்றாமவர் இருப்பதும் இல்லை. அத்தகைய சந்திப்புகளை முதுகெலும்பாகக் கொண்ட ஒரு தொடரில் வசனம் முழுவதும் எழுத்தாளர் பீட்டர் மோர்கனின் சொந்தச் சரக்காகத்தான் இருக்க முடியும், அதைத் தெரிந்துகொண்டுதான் நாமும் உட்காருகிறோம். ஆவணங்கள் வாய் திறக்காத இடத்தில் எழுத்தாளர் பேசுகிறாரா, அல்லது ஆவணங்கள் தெளிவாகப் பேசுகிற இடத்தில் அவற்றைப் புறந்தள்ளிவிட்டுத் தாம் பேசுகிறாரா என்பதை வைத்தே இப்படிப்பட்ட தொடரை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. அதிலும், ஒரு சாவுக்கோ பிரிவுக்கோ யார் காரணம் என்பதை மாற்றி எழுதுவது, வசனம் எழுதுவதைப் போலச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக்கூடிய உரிமை அன்று.

தயாரிப்பின் தரத்தில் குறை காண்பது கடினம். பக்கிங்ஹாம் அரண்மனையாக லங்காஸ்டர் ஹவுஸும் வில்டன் ஹவுஸும், முடிசூட்டு விழா நடந்த வெஸ்ட்மின்ஸ்டர் அபேயாக ஈலி நகரத்துப் பேராலயமும் வேடம் கட்டியிருக்கின்றன. தெரியாதவர்களுக்கு வித்தியாசம் புலப்படாது. இரண்டு சீசன்களுக்கு ஒருமுறை நடிகர்களை மாற்றும் ஏற்பாடு, அறிவித்தபோது விபரீதமாகத் தோன்றினாலும், கிளேர் ஃபாய், ஒலிவியா கோல்மன், இமெல்டா ஸ்டான்டன் ஆகிய மூவரும் ஒரே பெண்ணின் மூன்று வயதுகளாக மனத்தில் பதிந்துவிடுகிறார்கள். ஆறடிக்கும் மேல் உயரமுள்ள அமெரிக்கரான ஜான் லித்கோ, குள்ளமான சர்ச்சிலாகக் கூனிக் குறுகி நடித்து நம்மை நம்ப வைப்பது தனி அதிசயம். ஆனால் இந்தத் துல்லியத்தில்தான் சிக்கலின் வேரும் இருக்கிறது. சீருடைப் பொத்தான்களும் பதக்க வரிசையும் நாற்காலித் துணியின் பூவேலையும் அசலை ஒத்திருக்கும்போது, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் எடுத்த முடிவும் அசல்தான் என்று பார்ப்பவர் மனம் தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது. நம்மூர்ப் படங்கள் யாரைப் பற்றி என்பது தெருவுக்கே தெரிந்திருந்தும், “அனைத்தும் கற்பனையே, யாரையும் குறிப்பிடுவன அல்ல” என்று முதலில் ஓர் அட்டையைக் காட்டித் தப்பித்துக்கொள்ளும். இங்கே நடப்பது அதற்கு நேர்மாறு.

நல்ல கற்பனைக்கு எடுத்துக்காட்டாக முதல் சீசனின் ஒன்பதாவது எபிசோடைச் சொல்வேன். சர்ச்சிலின் 80ஆவது பிறந்தநாளை ஒட்டி, நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து கிரஹாம் சதர்லேண்ட் என்ற ஓவியரைக் கொண்டு அவருடைய உருவப்படத்தை வரையச் செய்தன. 1954 நவம்பர் 30 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் அதைப் பெற்றுக்கொண்ட சர்ச்சில், நவீனக் கலைக்கு இது குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டு என்று கேலியாகச் சொல்லி அவையைச் சிரிக்க வைத்தார். படம் அவருக்குப் பிடிக்கவில்லை, பிற்பாடு அது எரிக்கப்பட்டது. இவ்வளவும் நடந்தவை. தொடர் இவற்றுக்கு நடுவே ஓர் உரையாடலை வைக்கிறது. சார்ட்வெல் வீட்டுக் குளத்தைச் சர்ச்சில் ஏன் திரும்பத் திரும்ப வரைந்தார் என்று ஓவியர் மெதுவாகக் கிளறுகிறார். அமைதியான அந்த நீர்ப்பரப்புக்கு அடியில் ஏதோ துயரம் கிடக்கிறது என்கிறார். தம்முடைய குழந்தை ஒன்று இறந்ததைச் சதர்லேண்ட் சொன்ன பிறகு, 1921இல் மூன்று வயதுகூட நிரம்பாமல் இறந்துபோன தம் மகள் மேரிகோல்டைப் பற்றி முதியவர் பேசத் தொடங்குகிறார். மகள் இறந்த மறுவருடம்தான் சர்ச்சில் அந்த வீட்டை வாங்கினார் என்பது வரலாறு. ஓவியரும் தம் மகனைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே இழந்தவர். குளத்தையும் குழந்தையையும் இணைத்துப் பேசும் அந்த உரையாடல் எழுத்தாளர் கட்டியது. யாருடைய பெயருக்கும் பங்கமில்லை, எந்த உண்மையும் இடம் மாறவில்லை, தெரிந்த செய்திகள் இரண்டுக்கு இடையில் கிடந்த இடைவெளியில் ஒரு மனிதர் நமக்குக் கிடைக்கிறார். முடிவில் மட்டும் ஒரு சறுக்கல் உண்டு: திறந்தவெளியில் படம் எரிவதைச் சர்ச்சிலின் மனைவி கிளமென்டைன் நின்று பார்ப்பதாகக் காட்டுகிறார்கள். உண்மையில் அவருடைய செயலாளரும் அந்தச் செயலாளரின் சகோதரரும் சேர்ந்து, யாருக்கும் தெரியாமல் இரவோடிரவாகப் படத்தை வெளியே கொண்டுபோய் எரித்தார்கள். காட்சிக்கு நெருப்பு வேண்டியிருந்தது, வைத்துக்கொண்டார்கள். இதைப் பெரிதுபடுத்த எனக்கு மனமில்லை.

அதே கை, இரண்டாவது சீசனின் ஒன்பதாவது எபிசோடில் செய்திருப்பதை அவ்வளவு எளிதாக விட முடியவில்லை. அரசியின் கணவர் ஃபிலிப்புக்கு 16 வயதாக இருந்தபோது, 1937 நவம்பர் 16 அன்று, அவருடைய சகோதரி செசிலி பயணம் செய்த விமானம் பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் அருகே மூடுபனியில் புகைபோக்கி ஒன்றில் மோதி நொறுங்கியது. செசிலி, அவர் கணவர், இரண்டு மகன்கள், மாமியார் என்று விமானத்திலிருந்த அனைவரும் மாண்டனர். செசிலி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. லண்டனில் நடக்கவிருந்த தம் கணவரின் தம்பி திருமணத்துக்காக அவர்கள் கிளம்பியிருந்தார்கள். மாமனார் அக்டோபரில் இறந்துபோனதால் தள்ளிவைக்கப்பட்டிருந்த திருமணம் அது. ஆக, அந்தப் பயணத்துக்கும் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டவுன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சிறுவன் ஃபிலிப்புக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

தொடரோ அந்தத் தொடர்பைத் தானே உண்டாக்குகிறது. பள்ளியில் ஃபிலிப் ஒருவனை அடித்துவிட, தண்டனையாக விடுமுறை மறுக்கப்படுகிறது. அவன் வரப்போவதில்லை என்று ஆன பிறகுதான், திருமணத்துக்குப் போகாமல் இருந்துவிட நினைத்த செசிலி விமானம் ஏறுகிறார். இறுதிச் சடங்கில், எல்லோர் முன்னிலையிலும், இந்தச் சாவுக்கு நீதான் காரணம் என்று தந்தை மகனை உதறித் தள்ளுகிறார். டார்ம்ஸ்டாட் நகரத் தெருவில் நாஜிச் சீருடை அணிந்த உறவினர்களுக்கு நடுவே கறுப்புக் கோட்டுடன் ஃபிலிப் நடந்துபோகும் காட்சி, அன்று எடுக்கப்பட்ட புகைப்படத்தைப் பார்த்து வார்த்தெடுத்தது. அந்தப் புகைப்படத்தின் நம்பகத்தன்மையைத் தோளில் சுமந்துகொண்டுதான் பொய்யும் உள்ளே வருகிறது. இந்த எபிசோடு 2017 டிசம்பரில் வெளியானபோது 96 வயது ஃபிலிப் உயிரோடு இருந்தார். தன் அக்காவின் குடும்பம் அழிந்ததற்குத் தானே காரணம் என்று உலகமெங்கும் பார்க்கப்படும் ஒரு தொடர் சொல்வதை அந்த வயதில் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டிவந்தால் எப்படியிருக்கும் என்று எழுத்தாளர் யோசித்திருக்க வேண்டும். மகன் சார்லஸை அதே பள்ளிக்கு அனுப்பிய கடுமைக்கு ஒரு பின்கதை தேவைப்பட்டது என்பது புரிகிறது. அந்தச் சாவே போதுமான பின்கதை. அதன்மேல் குற்றத்தையும் ஏற்ற அவசியமில்லை.

இளவரசி மார்கரெட், பீட்டர் டவுன்செண்ட் காதலிலும் நடப்பது இதுதான். விவாகரத்தானவரை மணக்கத் தங்கை கேட்க, அரசி முதலில் காத்திருக்கச் சொல்லி, பின்னர் திருச்சபைக்கும் முடியாட்சிக்கும் கட்டுப்பட்டு மறுத்துவிடுகிறார் என்பது முதல் சீசனின் கதை. 1772ஆம் ஆண்டு அரச திருமணச் சட்டப்படி 25 வயது வரை மார்கரெட்டுக்கு அரசியின் ஒப்புதல் தேவை என்பதும், டவுன்செண்ட் 1953இல் பிரஸ்ஸல்ஸுக்கு மாற்றப்பட்டார் என்பதும் உண்மைதான். ஆனால் 2004இல் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் திறந்துவிட்ட கோப்புகள் வேறு விதமாகப் பேசுகின்றன. அரசுரிமை வரிசையில் தமக்கும் தம் வாரிசுகளுக்கும் உள்ள இடத்தை மார்கரெட் விட்டுக்கொடுத்தால் போதும், பட்டமும் அரசு உதவித்தொகையும் அவருக்கே இருக்கட்டும் என்ற ஏற்பாட்டை 1955இல் அரசியும் பிரதமர் ஆண்டனி ஈடனும் கலந்து வகுத்திருந்தார்கள். ஈடனே விவாகரத்தாகி மறுமணம் செய்தவர். அப்படியானால் 1955 அக்டோபர் 31 அன்று டவுன்செண்டை மணப்பதில்லை என்று மார்கரெட் வெளியிட்ட அறிக்கை, கதவு சாத்தப்பட்டதால் மட்டும் வந்தது என்று சொல்ல இடமில்லை. அவருடைய முடிவுக்கும் அதில் பங்கு உண்டு. கோப்புகள் வெளிவந்து 12 ஆண்டுகள் கழித்து எடுக்கப்பட்ட தொடரில், இந்தச் சிக்கலான பெண் காணாமல் போய், அக்காவால் வஞ்சிக்கப்பட்ட தங்கை மட்டுமே மிஞ்சுகிறாள். வனெஸா கிர்பியின் நடிப்பு அந்தக் குறையை மறைத்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டத்தைப் பற்றிய, முதல் சீசனின் நான்காவது எபிசோடு, படமாக்கத்தில் முதல் தரம். வரலாறாகப் பார்த்தால் தலைகீழ். வெனிஷியா ஸ்காட் என்ற இளம் செயலாளர் புகையில் பேருந்து மோதி இறக்க, சர்ச்சில் மனம் மாறி மருத்துவமனைக்கு ஓடுகிறார். அப்படி ஒரு செயலாளர் இருந்ததே இல்லை. ஆட்சி கவிழுமளவுக்கு அந்த ஐந்து நாட்களில் அரசியல் நெருக்கடி எதுவும் எழவும் இல்லை. மூடுபனிக்குப் பழகிய நகரம் அதைச் சகித்துக்கொண்டது. இறப்புக் கணக்குகள் வந்த பிறகுதான் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டது தெரியவந்தது, பிற்கால ஆய்வுகள் அதை 12,000 வரை உயர்த்தின. தூய காற்றுச் சட்டம் 1956இல்தான் வந்தது. ஆயிரக்கணக்கானோர் செத்துக்கொண்டிருப்பது யாருக்கும் உறைக்கவில்லை என்பதுதான் அந்தப் புகைமூட்டத்தின் உண்மையான கொடூரம். கற்பனைச் செயலாளரின் ஒற்றைச் சாவை வைத்து எல்லோரையும் விழிக்கச் செய்த எபிசோடு, தன் கையிலிருந்த பெரிய கதையை நழுவவிட்டது.

மூன்றாவது சீசனின் அபர்ஃபேன் எபிசோடுதான் என்னை அதிகம் குழப்பியது. வேல்ஸ் நாட்டின் அந்தச் சுரங்கக் கிராமத்தில் 1966 அக்டோபர் 21 அன்று நிலக்கரிக் கழிவுக் குன்று சரிந்து பள்ளியை மூடியதில் 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் உயிரிழந்தனர். அரசி அங்கே போனது எட்டாவது நாளில்; அந்தத் தாமதம் அவருக்குப் பின்னாளில் வருத்தம் தந்தது என்று அரண்மனை வட்டாரத்தினர் சொல்லியிருக்கிறார்கள். இவற்றைத் தொடர் அப்படியே எடுத்துக்கொள்கிறது. சரிவுக்கு முந்தைய காட்சிகளும், சேற்றைத் தோண்டும் தந்தையரின் மௌனமும், இந்த 60 எபிசோடுகளிலேயே மிகக் கண்ணியமாக எடுக்கப்பட்ட பகுதி. அதன்பின், வராத கண்ணீரைக் கைக்குட்டையால் துடைப்பதாக அரசி பாவனை செய்தார் என்றும், தம்மால் அழ முடிவதில்லை என்று பிரதமர் வில்சனிடம் ஒப்புக்கொண்டார் என்றும் கதை போகிறது. அன்று அவரை நேரில் கண்ட கிராமத்தினர் பலர், அவர் கலங்கியிருந்ததாகவே நினைவுகூர்ந்துள்ளனர். கண்ணீர் உண்மையா பொய்யா என்ற வழக்கைவிட எனக்கு உறுத்தியது வேறு. அந்தக் குன்றைக் குவித்தது தேசிய நிலக்கரி வாரியம். விசாரணைக் குழு பழியை அதன்மேல்தான் சுமத்தியது. எஞ்சிய குன்றுகளை அகற்ற, துயர்நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுக்கப்பட்டு, 1997இல்தான் திருப்பித் தரப்பட்டது. வாரியத்தின் மீதான கோபம் தொடரில் வந்துபோகிறது. ஆனால் கதை நின்று கவலைப்படுவது ஒரு பெண்ணின் கண் ஈரமானதா என்பதைப் பற்றி. அரச குடும்பத் தொடர் எதுவாக இருந்தாலும் அதன் பிறவிக் குறை இது என்று தோன்றுகிறது: 144 பேர் செத்தாலும் கேமரா கடைசியில் அரண்மனைக்குத்தான் திரும்பியாக வேண்டும்.

நான்காவது சீசன் 2021இல் எம்மி விருதுகளை அள்ளியது. ஜில்லியன் ஆண்டர்சனின் தாட்சர், எம்மா கோரினின் டயானா இருவருக்காகவும் பார்க்கலாம். உண்மையைத் தேடிப் பார்க்க வேண்டாம். 1979இல் அயர்லாந்தில் குண்டுவைத்துக் கொல்லப்படுவதற்குச் சற்று முன் மவுண்ட்பேட்டன் சார்லஸுக்கு எழுதுவதாக வரும் கடிதம் கற்பனை, அதை மோர்கனே ஒப்புக்கொண்டார். 1982இல் அரசியின் படுக்கையறைக்குள் நுழைந்த மைக்கேல் ஃபேகன், தொடரில் வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றி அரசியிடம் நிதானமாக முறையிடுகிறார்; அப்படி ஓர் உரையாடல் நடக்கவேயில்லை என்று பிற்பாடு சொன்னவர் ஃபேகனே.

இந்தச் சீசன் வந்தபோதுதான் எச்சரிக்கை வாசகம் வேண்டும் என்ற குரல் எழுந்தது. பிரிட்டனின் அப்போதைய கலாசார அமைச்சர் ஆலிவர் டவுடன் 2020 நவம்பரில் அதைக் கேட்டார். இது நாடகம் என்பது பார்ப்பவர்களுக்கே தெரியும் என்று நெட்ஃபிளிக்ஸ் மறுத்தது. 2022இல் நடிகை ஜூடி டென்ச் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார் (முதலாம் எலிசபெத் வேடத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர் அவர் என்பது ஒரு சுவையான முரண்). அதன்பின் ஐந்தாவது சீசன் முன்னோட்டத்தின் விளம்பரக் குறிப்பில், உண்மை நிகழ்வுகளைத் தழுவிய கற்பனை நாடகம் என்ற பொருளில் ஒரு வரி சேர்ந்தது. முன்னோட்டத்தின் கீழே சேர்த்ததை எபிசோடின் தொடக்கத்தில் சேர்க்க என்ன தயக்கம் என்பது விளங்கவில்லை. விலைச்சீட்டைப் பெட்டியின் அடியில் ஒட்டும் கடைக்காரரின் சாமர்த்தியமாகவே இது எனக்குப் படுகிறது.

ஐந்தாவது சீசன், அரசி மறைந்து இரண்டே மாதங்களில், 2022 நவம்பரில் வெளியானது. தாயைப் பதவி விலகச் செய்வது பற்றிச் சார்லஸ் தம்மிடம் பேசினார் என்று காட்டும் காட்சியை, முன்னாள் பிரதமர் ஜான் மேஜர் வடிகட்டிய அபத்தம் என்று மறுத்தார். விந்தை என்னவென்றால், இதே சீசனில் நம்பவே முடியாத இரண்டு விஷயங்கள்தான் நடந்தவை. சார்லஸும் கமிலாவும் 1989இல் தொலைபேசியில் பேசிக்கொண்ட அந்தரங்கம், 1993இல் அச்சில் வந்ததை ஒட்டியே படமாக்கப்பட்டிருக்கிறது. டயானாவின் 1995ஆம் ஆண்டு பிபிசி பேட்டிக்காக மார்ட்டின் பஷீர் போலி வங்கிக் கணக்கு அறிக்கைகளைக் காட்டி அவருடைய சகோதரரை ஏமாற்றியது, 2021இல் டைசன் விசாரணை அறிக்கையில் உறுதியானது. ஆயினும் இந்தச் சீசன் தொய்கிறது. ஆவணம் இவ்வளவு பெருகிவிட்ட காலத்துக்கு வந்ததும் எழுத்தாளருக்குப் புகுந்து விளையாட இடைவெளி இல்லை. பழைய செய்தித்தாள்களைக் கண்ணைப் பறிக்கும் ஒளிப்பதிவில் புரட்டுவது போலாகிவிடுகிறது. எலிசபெத் டெபிக்கி டயானாவின் தலைசாய்ப்பைக்கூட விடாமல் பிடித்திருக்கிறார். ஆனாலும் ஆறாவது சீசனில், இறந்துபோன டயானா விமானத்தில் சார்லஸுக்கு எதிரே வந்து உட்கார்ந்து பேசும்போது, எழுத்தாளரின் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்பது தெரிந்துவிடுகிறது.

ஒரு மாதச் சந்தா மட்டும் எடுக்கிறவர்கள் முதல் சீசனை முழுமையாகவும், இரண்டாவதில் எட்டாம் எட்வர்டின் நாஜித் தொடர்புகளைப் பேசும் ஆறாவது எபிசோடையும், மூன்றாவதில் அபர்ஃபேனையும் பார்த்தால் தொடரின் சிறந்த பகுதி கைக்கு வந்துவிடும். அரண்மனை ஆங்கிலம் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கப்படுவதால் சப்டைட்டிலை இயக்கி வைப்பது நல்லது. இரண்டாவது சீசனின் ஒன்பதாவது எபிசோடைப் பார்க்கிறவர்கள், ஆஸ்டெண்ட் விபத்தைப் பற்றி ஏதேனும் ஒரு நல்ல கட்டுரையைப் படித்துவிட்டு உட்காருங்கள். நான்காவதை நடிப்புக்காக வைத்துக்கொள்ளலாம். கடைசி இரண்டு சீசன்களின் காலத்தைச் செய்திகளில் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு அவற்றில் புதிதாக எதுவும் இல்லை.